பேஸுக்குத் திசை இல்லை, ஆனால் இடம் உண்டு

"பேஸுக்கு டைரக்‌ஷன் கிடையாது சார். சப்பை எங்க வேணா வெச்சுக்கலாம்." ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவருக்குக் கடையில் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டித் தருபவரும் இதையே சொல்கிறார். உள் அலங்காரம் செய்பவர் இதை நம்பி, டிவி யூனிட்டை ஒட்டிய மூலையில் சப்வூஃபருக்கென்று ஒரு மாடம் விட்டு, அங்கேயே பிளக் பாயிண்டும் போட்டுவிடுகிறார். ஒருவர் வாய் மாறி ஒருவர் சொல்லி, இன்றைக்கு இது யாரும் கேள்வி கேட்காத உண்மையாகிவிட்டது. இதிலிருந்து இன்னும் மூன்று நம்பிக்கைகள் கிளைத்திருக்கின்றன. பேஸ் போதவில்லையா, பெரிய பெட்டி வாங்கு. சரியாகக் கேட்கவில்லையா, ரிசீவரின் ஆட்டோ கேலிப்ரேஷன் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலும் வேண்டுமா, பெட்டிக்குப் பின்னால் இருக்கிற குமிழைத் திருகு.

நான்கும் தவறு. முதல் தவறுதான் மற்ற மூன்றையும் பெற்றுப் போட்டது. ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து வாங்கிய நல்ல பெட்டிகள், தர வேண்டியதில் பாதியைக்கூடத் தராமல் மூலையில் உறுமிக்கொண்டிருப்பதை வீடு வீடாகப் பார்த்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த வாசகத்தில் இருக்கும் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிவது மிகக் கடினம். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். நம் இரண்டு காதுகளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு நீண்ட அலை இரு காதுகளையும் ஏறக்குறைய ஒரே கணத்தில், ஒரே அளவில் தொட்டுப் போவதால் மூளைக்குத் துப்புக் கிடைப்பதில்லை. லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஹெச்எக்ஸ் முறை, வீட்டு அரங்கில் ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் நடுவே 80 ஹெர்ட்ஸைப் பிரிப்பு எல்லையாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், திசை தெரியாது என்பது காதைப் பற்றிய செய்தி. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பது அறையைப் பற்றிய செய்தி. முன்னது மெய், பின்னது பொய். கடைக்காரர் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை நம்ப வைத்துவிடுகிறார்; அவரும் நம்பித்தான் சொல்கிறார்.

முன்னதற்கும்கூட ஒரு நிபந்தனை உண்டு. கையகலச் சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்தும் ஒரு சப்வூஃபருமாக வரும் செட்டுகளில், அந்தச் சின்ன ஸ்பீக்கர்களால் 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபர் தலையில் விழுகிறது. ஆண் குரலின் அடித்தளம் அந்த எல்லையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட செட்டில் பெட்டியைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால், திரையில் பேசுகிறவரின் குரலில் பாதி நம் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து வரும். அதை யாரும் திசையில்லாத ஒலி என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது அறைக்கு வருவோம். நம் ஊரில் சாதாரணமான ஒரு ஹால்: 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும்போது, சில அதிர்வெண்களில் போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓரிடத்திலேயே நின்றுவிடும். இதை நிலையலை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலையின் அதிர்வெண் கிடைக்கும். இந்த ஹாலில் நீளவாக்கில் அது சுமார் 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, தரைக்கும் தளத்துக்கும் நடுவே 57. நீளவாக்கில் இரண்டாவது 76. சப்வூஃபர் வேலை செய்யும் எல்லை 20 முதல் 80 என்று வைத்தால், அந்தச் சின்ன எல்லைக்குள்ளேயே அறை நான்கு இடங்களில் தன் கையை வைத்துவிடுகிறது. இவை முதன்மையானவை மட்டுமே. இரண்டு ஜோடிச் சுவர்களும் மூன்று ஜோடிகளும் சேர்ந்து எழுப்பும் கலப்பு நிலையலைகள் வேறு இருக்கின்றன.

நிலையலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. சுவரை ஒட்டி எப்போதும் மேடு. முதல் நிலையலைக்குப் பள்ளம் சரியாக அறையின் நடுவில். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 20 டெசிபல் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். ஆற்றல் கணக்கில் அது நூறு மடங்கு.

இதைக் காதால் கேட்டால் ஒழிய நம்ப மாட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் கிட்டத்தட்ட இந்த அளவுள்ள ஹாலில் 38 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியை ஓடவிட்டு, வீட்டுக்காரத் தம்பியை எழுந்து மெதுவாக டிவியை நோக்கி நடக்கச் சொன்னேன். பின்சுவரை ஒட்டிய சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தபோது காது அடைக்கிற மாதிரி இருந்தது. இரண்டு எட்டு வைத்ததும் தணிந்தது. ஹாலின் நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "ஆஃப் பண்ணிட்டீங்களாண்ணா?" என்றார். நான் எதையும் தொடவில்லை. மூலையில் சப்வூஃபரின் கோன் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்ததைக் கைகாட்டினேன். இன்னும் இரண்டு எட்டு முன்னால் போனதும் தொனி மறுபடி எழுந்து வந்தது. அவர் திரும்பவும் நடுவுக்கு வந்து, தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அரையடியில் தொனி எழுந்தது, விழுந்தது. பெட்டி அதேதான், வால்யூம் அதேதான், ரிசீவரும் அதேதான். அவருடைய தலை இருந்த இடம் ஒன்றுதான் மாறியது.

தலை இருக்கும் இடத்துக்குப் பொருந்தும் விதி, பெட்டி இருக்கும் இடத்துக்கும் அப்படியே பொருந்தும். மேட்டில் வைத்த பெட்டி அந்த நிலையலையை முழு வேகத்தில் எழுப்பும். பள்ளத்தில் வைத்த பெட்டியால் அதை எழுப்பவே முடியாது. மூலை என்பது மூன்று ஜோடிச் சுவர்களுக்கும் மேடான இடம். ஆகவே மூலையில் வைத்த சப்வூஃபர் அறையின் அத்தனை நிலையலைகளையும் ஒன்று விடாமல் தட்டி எழுப்பும். "மூலையில வெச்சா பேஸ் சும்மா தூக்கும்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மொத்த அளவு கூடத்தான் செய்யும். ஆனால் எது கூடுகிறது என்று பார்க்க வேண்டும். படத்தில் பதிந்திருப்பதெல்லாம் ஒரே சீராகக் கூடுவதில்லை. 38, 47, 57 என்று அறைக்குப் பிடித்த இரண்டு மூன்று தொனிகள் ஏறி உட்கார்ந்துகொண்டு மற்றவற்றை அமுக்கிவிடுகின்றன. பீரங்கியும் இடியும் கார்க் கதவும் ஒரே "தும்" ஆகிப்போவது இதனால்தான்.

படத்தைவிடப் பாட்டில் இது இன்னும் அம்பலமாகும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக வந்து போகிற வாத்தியம் அல்ல. தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு அடியில் நடந்துகொண்டே இருக்கும். சாதாரண நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகக் கீழான திறந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறினால் 44, 46, 49, 52, 55 என்று போகும். மேலே சொன்ன ஹாலில் 46-இல் விழும் சுரம் அகலவாக்கு நிலையலையின்மேல் போய் உட்கார்ந்து வீங்கும். அதற்கு இரண்டு மூன்று சுரம் தள்ளி இருப்பது ஒடுங்கிப் போகும். வாசித்தவர் ஒரே அழுத்தத்தில் மீட்டியிருப்பார். நமக்கோ ஒரு சுரம் இடிக்கும், ஒரு சுரம் காணாமல் போகும், மெட்டு அறுந்துவிடும். சோபா இருக்கும் இடத்தில் அந்த வரிசை முழுதும் ஒரே கனத்தில் கேட்கிறதா என்பதுதான் சப்வூஃபர் சரியாக அமர்ந்ததற்கு நான் நம்பும் சோதனை. ஜன்னல் கண்ணாடி அதிர்வது எனக்குச் சோதனையே அல்ல.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலத்தில் வரும் ஹோம் தியேட்டர் அறிவுரைகளில் பெரும்பகுதி, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டிய அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அந்தச் சுவர்கள் பேஸுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் மொசைக், கிரானைட் தரையும் எதையும் விழுங்குவதில்லை. வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே நம் நிலையலைகள் கூர்மையானவை. தொனி நின்ற பிறகும் அறை வெகுநேரம் முனகிக்கொண்டிருக்கும். அங்கே பெட்டி வைக்கும் இடம் முக்கியம் என்றால், இங்கே அது அதைவிட முக்கியம். சுவரில் ஒட்டும் இரண்டங்குல நுரைப் பலகைகளால் இதைத் தீர்க்கலாம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். 38 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 9 மீட்டர். இரண்டங்குல நுரை அங்கே இருப்பதே அந்த அலைக்குத் தெரியாது.

சரி, எங்கே வைப்பது? இதற்குப் பழைய, செலவில்லாத, எளிய வழி ஒன்று இருக்கிறது. சப்வூஃபரை, நாம் உட்காரும் இடத்தில் சோபாமேலேயே தூக்கி வையுங்கள். பேஸ் வரிசை ஏறி இறங்கும் ஒரு பாட்டையோ, 20-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியையோ திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு பெட்டி வைக்கச் சாத்தியமுள்ள இடங்களிலெல்லாம், பெட்டி இருக்கப்போகிற உயரத்துக்குக் காதைத் தாழ்த்தி, தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே கனத்தில் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினால் அறை இருவருக்கும் ஒரே பதிலைத்தான் தரும் என்ற இயற்பியல் விதியின்மேல் நிற்கிற முறை இது. பெரும்பாலும் விடை மூலையாக இருக்காது. முன்சுவரின் நடுவுக்கருகிலோ, பக்கச் சுவரில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்திலோ போய் நிற்கும்.

சோபாவையும் சும்மா விடக் கூடாது. நம் ஹால்களில் சோபா பின்சுவரை முட்டிக்கொண்டு கிடப்பதுதான் வழக்கம். அங்கே நீளவாக்கு நிலையலைகள் அத்தனைக்கும் மேடு. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தாலே வீக்கம் கொஞ்சம் குறையும். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட முடிந்தால் மிக நல்லது. அங்கே முதல் நிலையலைக்கும் இரண்டாவதற்கும் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஹால் சாப்பாட்டுக் கூடத்தோடு திறந்து கிடந்தாலோ, உள்ளேயே மாடிப்படி ஏறினாலோ இந்தக் கணக்குகள் வழுவிப்போகும். அப்போது தவழ்ந்து கேட்பதும் அளந்து பார்ப்பதும்தான் வழி.

இனி, பெரிய பெட்டி வாங்கச் சொல்லும் கட்சி. இவர்கள் வாட்ஸில் பேசுவார்கள். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கான வாட்ஸை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட காலத்தின் மிச்சம் இது; அந்த எண்ணுக்கு எந்தப் பொது அளவுகோலும் இருந்ததில்லை. உண்மையான வாட்ஸையே எடுத்துக்கொண்டாலும், 3 டெசிபல் கூட்ட இரு மடங்கு ஆற்றல் வேண்டும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வேண்டும். உங்கள் இருக்கை 38 ஹெர்ட்ஸின் பள்ளத்தில் இருந்தால், 300 வாட்ஸ் பெட்டியைத் தள்ளிவிட்டு 600 வாட்ஸ் பெட்டி வாங்கினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பக்கத்து மேடுகள்தான் இன்னும் 3 டெசிபல் உயரும். பெட்டியை மூன்றடி நகர்த்துவது இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும், காசும் ஆகாது.

பெரிய பெட்டிக்கு நான் எதிரி அல்ல. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 20 ஹெர்ட்ஸைப் பிசிறில்லாமல் தருவதற்குப் பெரிய கோன் வேண்டும் என்பது உண்மை. "12 இஞ்ச், 15 இஞ்ச் எல்லாம் மந்தமா இருக்கும், 8 இஞ்ச்தான் சுறுசுறுப்பு" என்று எதிர்த் திசையில் ஒரு நம்பிக்கையும் உலவுகிறது. அதுவும் அறையைப் பெட்டியாக நினைத்த குழப்பமே. பெரிய கோன் இன்னும் கீழே இறங்கி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நிலையலைகளை எழுப்பிவிடுகிறது. மந்தமாகக் கேட்பது அறையின் முனகல். பெட்டி சரியான இடத்தில் அமர்ந்து, மேடுகள் வெட்டப்பட்ட பிறகு 15 அங்குலமும் 8 அங்குலத்தைப் போலவே சட்டென்று எழும், சட்டென்று நிற்கும்.

ஆட்டோ கேலிப்ரேஷன் பார்த்துக்கொள்ளும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. ஆடிஸி, டிராக், யமஹாவின் வைபிஏஓ எல்லாம் உண்மையிலேயே நல்ல கருவிகள். மைக்கை நாலைந்து இடங்களில் வைத்து அளந்து, மேடுகளை வெட்டித் தருகின்றன. நிலையலையின் மேட்டை வெட்டினால் அதன் முனகலும் சேர்ந்தே குறையும் என்பது ஈக்வலைசரின் பெரிய வரம். ஆனால் இந்தக் கருவிகளால் பெட்டியைத் தூக்கி நகர்த்த முடியாது. பள்ளத்தை நிரப்பவும் முடியாது. அந்தத் தம்பியின் ஹாலின் நடுவில் 38 ஹெர்ட்ஸை எவ்வளவு கூட்டினாலும், போகிற அலையும் வருகிற அலையும் அதே அளவு கூடி ஒன்றையொன்று அழித்துக்கொண்டே இருக்கும். ஆம்பிளிஃபையர் மூச்சு முட்டுவதுதான் மிச்சம். ஆகவே கேலிப்ரேஷன் என்பது இடம் முடிவான பிறகு செய்யும் வேலை. மாடத்துக்குள் பெட்டியைத் திணித்துவிட்டு மைக்கை நட்டால், மோசமான இடத்துக்கான சிறந்த சமரசத்தைத்தான் அது கண்டுபிடித்துத் தரும்.

அது எழுதிவைக்கும் எண்களையும் படித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சப்வூஃபர் லெவல் கீழெல்லையான -12-இல் போய் முட்டி நின்றால், பெட்டியின் கெயின் அதிகம் என்று பொருள்; குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சப்வூஃபரின் தூரம் டேப்பால் அளந்ததைவிட நாலைந்து அடி கூடுதலாகக் காட்டினால், "தப்பா காட்டுது" என்று திருத்திவிடாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தித்தான் வெளியே விடுகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் தூரமாக எழுதுகிறது. 1 மில்லிசெகண்ட் என்பது கிட்டத்தட்ட ஓரடி. டேப்பை நம்பி அதைத் திருத்தியவர்கள், நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முன் ஸ்பீக்கர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ரிசீவர் அதை "லார்ஜ்" என்று குறித்துவிடுவது வழக்கம். வீட்டுக்காரருக்கு அதில் பெருமை. "ஸ்மால்" என்று மாற்றினால் ஏதோ ஸ்பீக்கரை அவமதித்த மாதிரி முகம் வாடுகிறது. அந்த அமைப்புக்கும் ஸ்பீக்கரின் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. பேஸை எங்கிருந்து கொடுப்பது என்ற முடிவு அது. முன் ஸ்பீக்கர்கள் திரைக்கு இருபக்கமும்தான் நிற்க முடியும். குரலும் காட்சியும் பொருந்துவதற்கு அதுவே சரியான இடம். பேஸுக்கு அது நல்ல இடமாக அமைவது தற்செயல். சப்வூஃபரை மட்டும்தான் அறைக்கு ஏற்றபடி நகர்த்த முடியும். நகர்த்த முடிந்த பெட்டியிடம் பேஸைக் கொடுப்பதே அறிவு. ஆகவே எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" ஆக்கி, 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள். "எல்எஃப்இ பிளஸ் மெயின்" என்ற வசதி ஒரே பேஸை இரண்டு இடங்களிலிருந்து அனுப்பிக் குழப்பத்தை இரட்டிப்பாக்கும்; அதை அணைத்துவிடுங்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை ஆக மேலே திருப்பிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ நிலையில் வையுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்கிறது. ஒரே வேலையை இருவர் செய்தால் 80-ஐ ஒட்டி ஒரு குழி விழும்.

அந்த 80 ஹெர்ட்ஸ் சந்திப்புதான் பெரும்பாலானோர் தொடாமலே விடுகிற இடம். அங்கே முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே தொனியைச் சேர்ந்து எழுப்புகின்றன. இரண்டும் ஒத்துப் போனால் 6 டெசிபல் கூடும். எதிரெதிராகப் போனால் அங்கே ஒன்றும் கேட்காது. ஒருவர் சோபாவில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் தொனியைக் கேட்க, இன்னொருவர் பெட்டிக்குப் பின்னால் குந்தி ஃபேஸ் குமிழைப் பூஜ்யத்திலிருந்து 180 வரை மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் தொனி நன்றாக மெலிந்து ஏறக்குறைய மறையும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறைவது காதுக்குத் துல்லியமாகத் தெரியும், உச்சம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. முன் ஸ்பீக்கரின் வயரை வேண்டுமென்றே பிளஸ், மைனஸ் இடம் மாற்றிக் கொடுத்து இதைச் செய்துவிட்டு, பிறகு வயரைச் சரியாக மாட்டினால், மறைந்த அதே இடம் உச்சமாகிவிடும். இதைச் செய்து முடித்த வீட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கு உடல் வந்துவிடும். சப்வூஃபர் தனியாக எங்கோ கிடந்து அடிப்பதாகத் தோன்றாது.

மனம் உள்ளவர்கள் அளந்து பார்க்கலாம், அளந்து பார்க்கவும் வேண்டும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். மினிடிஎஸ்பியின் யூமிக்-1 போன்ற, அளவு சரிபார்க்கப்பட்ட யூஎஸ்பி மைக் ஒன்று போதும். பெட்டியை நகர்த்தி நகர்த்தி அளந்தால் மேடும் பள்ளமும் இடம் மாறுவது கோடாகத் திரையில் தெரியும். செல்போன் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அந்த மைக்கில் கீழ்த் தொனிகளை வேண்டுமென்றே குறைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் செய்து முடித்ததும் ஒரு குறை வரும். "எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணா, ஆனா பேஸ் கொறஞ்சுபோச்சே." இந்தக் குறையை வைத்துத்தான் பழைய நம்பிக்கைக்காரர்கள் ட்யூனிங்கையே வெட்டி வேலை என்கிறார்கள். குறைந்தது என்ன என்று பாருங்கள். எது வந்தாலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்த ஒற்றைத் தொனி போய்விட்டது. காது அதைத்தான் பேஸ் என்று பழகியிருந்தது. ஒரு வாரம் எதையும் தொடாமல் தெரிந்த படங்களைப் பார்க்கச் சொல்வேன். "மாஸ்டர் அண்ட் கமாண்டர்" படத்தில் பீரங்கி வெடிப்பது ஓர் ஒலி, குண்டு மரப்பலகையைப் பிளப்பது இன்னோர் ஒலி, கப்பலின் உடல் அதற்கு முனகுவது மூன்றாவது. முன்பு மூன்றும் ஒன்றாகக் கேட்டவருக்கு இப்போது தனித்தனியாகக் கேட்கும். அதற்குப் பிறகும் கொஞ்சம் கூட வேண்டும் என்றால் இரண்டு, மூன்று டெசிபல் கூட்டிக்கொள்வதில் பிழையே இல்லை. குறைந்த வால்யூமில் காது கீழ்த் தொனிகளைக் குறைவாகவே உணரும் என்பது ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே நிறுவிய விஷயம். ராத்திரியில் சத்தம் குறைத்துப் பார்ப்பவருக்கு அந்தக் கூடுதல் தேவைதான். ஆனால் படத்தில் பேஸுக்கென்றே தனியாக இருக்கும் எல்எஃப்இ தடம் மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படியே வகுக்கப்பட்டிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். படத்தை ஒலிக்கலவை செய்தவர் பேஸைக் கஞ்சத்தனமாக வைத்துவிட்டுப் போகவில்லை.

கீழ் வீட்டுக்காரரின் புகாரும் பெரும்பாலும் இதே மேடுகளைப் பற்றியதுதான். கான்கிரீட் தளத்தைக் கடந்து அவர் தூக்கத்தைக் கெடுப்பது படத்தின் முழு ஒலி அல்ல, விடாமல் அடிக்கும் அந்த ஒன்றிரண்டு தொனிகள். பெட்டிக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டால் கால்வழி இறங்கும் அதிர்வு குறையும். காற்றுவழிப் போகும் பேஸ் குறையாது. 38 ஹெர்ட்ஸ் மேட்டில் 10 டெசிபல் வெட்டினால் அவருக்கும் 10 டெசிபல் குறைகிறது.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு: "நீங்க சொல்ற இடம் நடைபாதையில வருது. வீட்ல ஒத்துக்க மாட்டாங்க." ஹால் என்பது குடும்பம் முழுதும் புழங்கும் இடம், தவழ்ந்து கண்டுபிடித்த ஆகச்சிறந்த இடம் வாசற்படிக்கு நேரே வந்தால் அங்கே வைக்க முடியாதுதான். அதற்காக நேரே மாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது நல்ல இடம் என்று வரிசை இருக்கும். அதில் வீட்டுக்கும் ஒத்துவருவது ஒன்றாவது அகப்படும். நான்கு பேர் உட்காரும் சோபாவில் நால்வருக்கும் ஒரே சீராகக் கேட்க வேண்டும் என்றால், ஒற்றைப் பெட்டியால் ஆகாது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆராய்ந்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சப்வூஃபர்கள், நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்ததற்குக் கிட்டத்தட்ட நிகரான சீரைத் தருகின்றன என்று காட்டினார். காரணம் எளிது. எதிரெதிரே நிற்கும் இரு பெட்டிகள் நீளவாக்கு முதல் நிலையலையை ஆளுக்கொரு பக்கம் எதிராகத் தள்ளி அடக்கிவிடுகின்றன. அகலத்தின் நடுவில் நிற்பதால் அகலவாக்கு முதல் நிலையலை எழுவதே இல்லை. அதனால், பெரிய பெட்டிக்கென்று ஒதுக்கிவைத்த பணம் கையில் இருந்தால், இருக்கிற பெட்டியைத் தள்ளிவிடாமல் அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, டிவிக்கு அடியில் ஒன்று, சோபாவுக்குப் பின்சுவரின் நடுவில் ஒன்று என்று வையுங்கள். பிறகு மைக்கை நட்டு, கேலிப்ரேஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள்.